தோள்மூட்டு அடிக்கடி விலகுவதற்கு நுண்துளை அறுவை: "90 சதவீத வெற்றி" என்றால் எதைச் சொல்கிறார்கள்?

பதிவு 1: வலப்பக்க அடிப்பாளர்

எனக்கு வயது 24. பள்ளி நாள்களிலிருந்து வாலிபால் ஆடி வருகிறேன். இப்போது போட்டி அணியில் இருக்கிறேன். பந்தை அடிக்கும் கை வலது கை. 19 வயதில் வலையருகே பந்தைத் தடுக்கக் கையை உயர்த்தியபோது, எதிரணியின் அடி விரல்நுனிகளில் பட்டுக் கை பின்னுக்குத் தள்ளப்பட்டு, தோள்மூட்டு முதன்முறையாக முன்பக்கம் விலகியது. அன்று மயக்க மருந்து கொடுத்த பிறகே மூட்டை ஏற்ற முடிந்தது. அதன்பின் ஆறு முறை விலகிவிட்டது.

என்னைக் கலங்க வைப்பது எண்ணிக்கை அன்று. ஒவ்வொரு முறையும் விலகுவதற்குத் தேவைப்பட்ட விசை குறைந்துகொண்டே வந்ததுதான். இரண்டாம் முறை தரையில் விழுந்தேன். நான்காம் முறை பந்தை அடித்தேன், அவ்வளவுதான். கடைசி முறை தூக்கத்தில் புரண்டு தலைக்கு மேல் கையை நீட்டிப் போர்வையை இழுத்தேன். விழித்துப் பார்த்தபோது தோளின் வட்டமான வளைவு காணாமல் போய், தட்டையாக ஒரு படி இறங்கியதுபோல் இருந்தது. சுவரில் சாய்ந்து நின்று நானே உள்ளே தள்ளிக்கொண்டேன்.

எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்த மருத்துவர், தோள்மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பிலுள்ள லேப்ரம் என்ற வளையம் கிழிந்திருக்கிறது என்றும், நுண்துளை வழியாகச் சென்று அதை ஆங்கர் (எலும்பில் பதிக்கும் நூல் கோத்த சிறு ஆணி) வைத்துத் தைத்துவிடலாம் என்றும், 90 சதவீதம் வெற்றி என்றும் கூறினார். மீதி பத்துப் பேருக்கு என்ன ஆகிறது, தொண்ணூறு பேரும் முன்போல் ஆடுகிறார்களா, இந்த 90 என்பது எத்தனை ஆண்டுக் கணக்கு என்று கேட்க நினைத்தேன். ஆனால் வெளியே வரிசை நீண்டிருந்தது. அதனால் இங்கே கேட்கிறேன்.

பதிவு 2: எலும்புமூட்டு

தோள் அறுவை செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தோளை நான் தொட்டுப் பார்க்கவில்லை என்பதால் இதைப் பொதுவான விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தோள்மூட்டில் பந்து, அதாவது மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, பெரியது; அது பொருந்தும் தோள்பட்டை எலும்பின் கிண்ணம் சிறியது, ஆழமும் இல்லாதது. எந்த நிலையிலும் பந்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். கையை எந்தத் திசையிலும் சுழற்ற முடிவதற்காக உடல் கொடுத்த விலை அது. அந்தக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி நாரும் குருத்தும் கலந்த வளையமாக லேப்ரம் அமைந்து ஆழத்தைச் சற்றுக் கூட்டுகிறது. தசைநார்களும் அதில்தான் வந்து பிடிக்கின்றன. முன்பக்க விலகலில் இந்த வளையத்தின் முன்-கீழ்ப் பகுதி எலும்பிலிருந்து பிய்ந்துவிடுகிறது. இதைப் பேங்கார்ட் காயம் என்கிறோம். ஆங்கிலேய அறுவை மருத்துவர் பேங்கார்ட் 1923-இல் இதைப் பற்றி எழுதினார். ஜெர்மானியரான பெர்த்தெஸ் 1906-லேயே எழுதிவிட்டார் என்றாலும் பெயர் பேங்கார்ட்டுக்கே நிலைத்துவிட்டது.

நுண்துளை முறையில் பொதுவாக மூன்று சிறு துளைகள் போதும். ஒன்றில் கேமரா செல்லும். மற்றவற்றில் கருவிகள் செல்லும். பிய்ந்த லேப்ரம் பெரும்பாலும் தன் இடத்தைவிட்டுக் கீழிறங்கி, கிண்ணத்தின் கழுத்துப் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை முதலில் முழுமையாக விடுவித்து, எலும்பின் விளிம்பைச் சுரண்டி இரத்தம் கசியச் செய்து, பிறகு நூல் கோத்த ஆங்கர்களை விளிம்பில் பதித்து, மூட்டைச் சுற்றித் தளர்ந்திருக்கும் உறையையும் சேர்த்து மேலே இழுத்துத் தைக்கிறோம். விடுவிக்கும் வேலையை அவசரமாக முடித்துவிட்டுத் தைப்பவரின் தையல் படத்தில் அழகாக இருக்கும், தோளில் நிற்காது. ஆங்கர்களின் எண்ணிக்கையும் பொருட்டானது. 91 பேரை வைத்து 2006-இல் வெளியான புவாலோ குழுவின் ஆய்வில், மூன்றோ அதற்குக் குறைவோ ஆங்கர்கள் வைக்கப்பட்டவர்களிடம் தோல்வி கூடுதலாக இருந்தது.

இனி அந்த 90-க்கு வருகிறேன். உங்கள் மருத்துவர் பொய் சொல்லவில்லை. எலும்பு சேதமில்லாத தோள்களுக்கு, முதல் சில ஆண்டுகளுக்கு, அது நேர்மையான எண். ஆனால் உங்கள் தோள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. 2000-ஆம் ஆண்டில் பர்க்ஹார்ட்டும் டி பீரும் 194 நுண்துளை அறுவைகளை ஆராய்ந்தார்கள். குறிப்பிடத்தக்க எலும்பு இழப்பு இல்லாதவர்களில் 4 சதவீதத்தினருக்கு மட்டுமே தோள் மீண்டும் நிலைகுலைந்தது. எலும்பு இழப்பு உள்ளவர்களில் 67 சதவீதத்தினருக்கு அப்படி ஆனது. உடல் மோதும் விளையாட்டு ஆடியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், எலும்பு குறைந்தவர்களில் 89 சதவீதத்தினருக்குத் தோல்வி. அறுவை ஒன்றே, கைகளும் அவையே, எலும்புதான் வேறு.

ஏழு முறை விலகிய தோளில் எலும்பு தேயாமல் இருப்பது அரிது. முப்பரிமாண சி.டி. எடுத்தீர்களா? எம்.ஆர்.ஐ. லேப்ரத்தை நன்றாகக் காட்டும். விளிம்பு எலும்பை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கச் சி.டி. தான் நம்பகமானது.

பதிவு 3: எண்ணிப்பார்ப்பவர்

நான் மருத்துவன் அல்லன். மருத்துவ ஆய்வுகளின் புள்ளிவிவரங்களைச் சரிபார்ப்பது என் தொழில். ஒரே அறுவைக்கு ஒரு கட்டுரை 5 என்றும் இன்னொன்று 30 என்றும் தோல்வி விகிதம் சொல்லும்போது, முதலில் நான் தேடுவது "தோல்வி" என்ற சொல்லுக்கு அந்தக் கட்டுரை கொடுத்த பொருளைத்தான். சிலர் முழுமையாக விலகி, வேறொருவர் ஏற்றிவிட வேண்டியிருந்தால் மட்டுமே தோல்வி என எண்ணுகிறார்கள். சிலர் பாதி நழுவித் தானே திரும்புவதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கையை உயர்த்திப் பின்னுக்குச் சாய்த்தால் "விழுந்துவிடும்" என்ற அச்சம் வருவதையும் கணக்கில் சேர்ப்பவர்கள் மிகச் சிலரே. இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே நோயாளிக் கூட்டம் மகிழ்ச்சியான கட்டுரையாகவும் கவலைக்குரிய கட்டுரையாகவும் மாறிவிடும்.

அடுத்தது காலம். கனடாவில் மோட்டாடி குழு 196 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துத் திறந்த அறுவையையும் நுண்துளை அறுவையையும் ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்டது. இரண்டு ஆண்டுகளில் திறந்த அறுவைக் குழுவில் 11 சதவீதத்தினருக்கும் நுண்துளைக் குழுவில் 23 சதவீதத்தினருக்கும் மீண்டும் விலகல் அல்லது நழுவல் ஏற்பட்டது. பத்தாண்டுக்குக் குறையாமல் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வந்த ஒரு மீளாய்வில், நுண்துளைத் தையலுக்குப் பின் ஏதேனும் ஒருவகை நிலைகுலைவைச் சந்தித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. முழுமையாக விலகியவர்கள் அதில் பாதியளவு. ஆகவே இரண்டாண்டு எண்ணை வாழ்நாள் எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மோட்டாடி ஆய்வில் எனக்கு வியப்பூட்டிய செய்தி வேறொன்று. தோல்வி இரண்டு மடங்காக இருந்தும், நோயாளிகள் தாமே நிரப்பிய வாழ்க்கைத்தர மதிப்பெண்களில் இரு குழுக்களுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. விலகாத தோள் என்பதும் நிறைவான தோள் என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

பதிவு 4: மூன்றாம்முறை

என் புனைபெயருக்குக் காரணம் சொல்கிறேன். 18 வயதில் நுண்துளை அறுவை செய்துகொண்டேன். அதற்குமுன் ஒன்பது முறை விலகியிருந்தது. சி.டி. எடுக்கவில்லை, எடுக்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. இரண்டு ஆங்கர்கள் வைத்ததாக வெளியேற்றச் சீட்டில் எழுதியிருந்தார்கள். நான்காம் மாதத்தில் வலியே இல்லை. கை தலைக்கு மேல் போனது. குணமாகிவிட்டேன் என்று நம்பி நண்பர்களோடு கால்பந்து ஆடினேன். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அந்த இழுப்பிலேயே விலகிவிட்டது. தையல் விட்டதா, எலும்பு இல்லாததால் விட்டதா, நான்காம் மாதத்தில் ஆடியதால் விட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்றும் சேர்ந்துதான் என்று இரண்டாவது மருத்துவர் சொன்னார்.

இரண்டாம் முறையும் வேறோர் இடத்தில் நுண்துளைத் தையலே செய்தார்கள். அது ஓராண்டு தாங்கியது. மூன்றாம் முறைதான் லட்டார்ஜே அறுவை: தோள்பட்டை எலும்பின் கொக்கி போன்ற முனையை அதில் ஒட்டிய தசைநாணோடு வெட்டி எடுத்து, கிண்ணத்தின் தேய்ந்த முன்விளிம்பில் இரண்டு திருகாணிகளால் பொருத்தினார்கள். ஆறு ஆண்டுகள் ஆகின்றன, ஒருமுறைகூட நழுவவில்லை. ஆனால் முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கம் சில வாரங்கள் மரத்துக் கிடந்தபோது நான் பட்ட பயத்தையும் சொல்லியாக வேண்டும். நரம்பு தானாகத் திரும்பிவிட்டது. எல்லோருக்கும் அப்படித் திரும்பும் என்று நான் சொல்லத் துணியமாட்டேன்.

பதிவு 5: பழைய கோல்கீப்பர்

தம்பி, என் கதை இவருடையதற்கு நேர்மாறானது. நுண்துளை அறுவை நடந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு தடவைகூட விலகவில்லை. எண்ணிப்பார்ப்பவர் ஐயாவின் தாளில் நான் முழு வெற்றி.

ஆனால் அறுவைக்குப் பிறகு நான் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றது இரண்டே பருவங்கள்தான். பக்கவாட்டில் பாயும்போது வலக்கையை முழுமையாக நீட்ட மனம் வராது. உடல் தயாராக இருந்தது. கை மட்டும் தானாக மடங்கிக்கொள்ளும். குளிர்ந்த காலை வேளைகளில் இப்போது தோளுக்குள் மணல் அரைபடுவதுபோல் ஓசை கேட்கிறது. அறுவை செய்துகொண்டதற்காக நான் வருந்தவில்லை. குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கி விளையாடினேன், அது எனக்குப் போதும். "முன்போல் ஆடுவேனா" என்று நீங்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

பதிவு 6: கயிறும் கப்பியும்

நான் இயன்முறை சிகிச்சை அளிப்பவள். மேலே உள்ள இரண்டு கதைகளும் நான் வாரந்தோறும் கேட்பவை என்பதால் அறுவைக்குப் பிந்திய மாதங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் கை தூளியில் இருக்கும். விரல்கள், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்புறம் திருப்புவதுதான் தையலை நேரடியாக இழுக்கும் அசைவு. அதற்கு அறுவை செய்தவர் வரம்பு சொல்வார், அதைத் தாண்டக்கூடாது. சட்டை போடும்போது அறுவை நடந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். இந்தச் சின்னச் செய்தியைச் சொல்லாமல் அனுப்பப்பட்டவர்கள் மூன்றாம் நாளே வலியோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு வலுவூட்டும் பயிற்சிகள் படிப்படியாகத் தொடங்கும். கையைத் தலைக்கு மேல் வீசும் ஆட்டங்களுக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஆகும். பலருக்கு அதற்கு மேலும் ஆகிறது.

மூன்றாம்முறை சொன்ன நான்காம் மாதம்தான் மிகவும் வஞ்சகமானது. வலி போய்விட்டது, அசைவு வந்துவிட்டது. ஆனால் லேப்ரம் எலும்போடு பிடித்த பிடிப்பு இன்னும் முதிரவில்லை. நோயாளி நலமாக உணர்வதும் திசு வலுவாக இருப்பதும் ஒரே நாளில் நடப்பதில்லை. நாள்காட்டியை மட்டும் பார்த்து ஆட அனுமதிப்பதை நான் ஏற்பதில்லை. இரு தோள்களின் சுழற்சி வலுவை அளந்து ஒப்பிட்ட பிறகே அனுமதிக்க வேண்டும்.

கோல்கீப்பர் அண்ணன் சொன்னதைப் போன்ற அச்சத்தைத் தசைப் பயிற்சி மட்டும் தீர்க்காது. தரையில் உருளுவது, மெத்தையில் விழுவது, பிறகு பந்தோடு விழுவது என்று அந்த அசைவையே சிறுகச் சிறுகத் திரும்பப் பழக்க வேண்டும். இதற்கு நேரம் ஒதுக்கும் மறுவாழ்வுத் திட்டங்கள் குறைவு என்பது என் மனக்குறை.

பதிவு 7: கத்தி வேண்டாம்

எல்லோரும் அறுவையிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறீர்கள். தோளைச் சுற்றியுள்ள தசைகளை வலுப்படுத்தினால் மூட்டு தானாக நிற்கும் என்று படித்திருக்கிறேன். வயதாக ஆக மூட்டு இறுகிவிடும் என்றும் சொல்கிறார்கள். 24 வயதுப் பையனுக்கு ஏன் இந்த அவசரம்?

பதிவு 8: எலும்புமூட்டு

உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ஸ்வீடனில் ஹொவெலியஸ் முதல்முறை விலகியவர்களை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்தார். தொடக்கத்தில் 12 முதல் 25 வயதுக்குள் இருந்து, அறுவையின்றி மருத்துவம் பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் தோள்கள் மீண்டும் விலகவில்லை அல்லது காலப்போக்கில் தாமாக நிலைபெற்றன. முதல்முறை விலகியவுடன் எல்லோரையும் அறுவை மேசைக்கு அழைக்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே வலுவான சான்று. விருப்பப்படி தோளை நழுவ வைக்கத் தெரிந்தவர்களுக்கும், எல்லாத் திசைகளிலும் மூட்டு இயல்பாகவே தளர்ந்தவர்களுக்கும் பயிற்சிதான் முதல் மருந்து. வலிப்பு நோயால் தோள் விலகுபவர்களுக்கு வலிப்பைக் கட்டுப்படுத்தாமல் தோளைத் தைப்பது வீண்.

மறுபாதிதான் இடிக்கிறது. ராபின்சன் குழு 15 முதல் 35 வயது வரையிலான 252 பேரை முதல் விலகலிலிருந்து பின்தொடர்ந்தபோது, இரண்டு ஆண்டுகளில் 55.7 சதவீதத்தினருக்கும் ஐந்து ஆண்டுகளில் 66.8 சதவீதத்தினருக்கும் தோள் மீண்டும் நிலைகுலைந்தது. வயது குறைய ஆபத்து கூடியது. இந்த நண்பர் அந்தக் கட்டத்தையெல்லாம் தாண்டித் தூக்கத்தில் விலகும் நிலைக்கு வந்துவிட்டார். தசை விழித்திருக்கும்போதுதான் காக்கும். உறங்கும்போது மூட்டைப் பிடித்துவைக்க எலும்பும் நாரும்தான் இருக்கின்றன. ஒவ்வொரு விலகலும் விளிம்பிலிருந்து இன்னும் கொஞ்சம் எலும்பைத் தேய்க்கிறது என்பதால், காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

பதிவு 9: வலப்பக்க அடிப்பாளர்

எல்லோருக்கும் நன்றி. சி.டி. எடுத்துவிட்டேன், டாக்டர். அறிக்கையில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். கிண்ணத்தின் கீழ்ப்பகுதியில் பொருத்திய வட்டத்தின் விட்டம் 28 மி.மீ.; முன்விளிம்பில் இழப்பு 3 மி.மீ.; பந்தின் பின்பக்கத்தில் ஹில்-சாக்ஸ் பள்ளம் இருக்கிறது, அதன் இடைவெளி அளவு 18 மி.மீ. இது நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவில்லை.

பதிவு 10: எலும்புமூட்டு

நல்ல அறிக்கை, இந்த மூன்று எண்களும் இல்லாமல் பலர் அறுவைக்கு வருகிறார்கள்.

தோள் முன்னால் விலகும்போது பந்தின் பின்பக்கம் கிண்ணத்தின் கூரான விளிம்பில் இடித்து நசுங்குகிறது. அந்தப் பள்ளத்தைத்தான் 1940-இல் ஹில், சாக்ஸ் என்ற இரு கதிரியக்க மருத்துவர்கள் விவரித்தார்கள். கையை உயர்த்தி வெளிப்புறம் திருப்பும்போது, உங்கள் மொழியில் சொன்னால் பந்தை அடிக்கக் கையை ஓங்கும்போது, கிண்ணம் மூட்டுப் பந்தின்மீது ஒரு பாதையில் ஓடுகிறது. பள்ளம் அந்தப் பாதைக்குள் முழுமையாக அடங்கினால் கிண்ணத்தின் விளிம்பு அதில் விழாது. பாதைக்கு வெளியே நீண்டால், சக்கரம் குழிக்குள் இறங்குவதுபோல் விளிம்பு அதில் சிக்கித் தோள் விலகும். இந்தக் கருத்தை யமமோட்டோ, இதோய் குழுவினர் 2007-இல் முன்வைத்தார்கள். 2014-இல் டி ஜாக்கோமோ, இதோய், பர்க்ஹார்ட் மூவரும் அதைக் கணக்காக்கினார்கள். பாதையின் அகலம் என்பது கிண்ண விட்டத்தில் 83 சதவீதம், அதிலிருந்து எலும்பு இழப்பைக் கழிக்க வேண்டும். உங்களுக்கு 28-இல் 83 சதவீதம் 23.2, அதில் 3 போனால் 20.2 மி.மீ. உங்கள் பள்ளத்தின் இடைவெளி அளவு, அதாவது பள்ளத்தின் அகலமும் அதற்கும் தசைநாண் பிடிக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள எலும்பும் சேர்ந்தது, 18. எனவே பாதைக்குள்தான் இருக்கிறது, ஆனால் மிஞ்சியிருப்பது 2 மி.மீ. சற்றே அதிகம்தான். அளவீட்டில் ஏற்படும் பிழையே அந்த அளவு இருக்கக்கூடும்.

எலும்பு இழப்பு விழுக்காட்டில் 11-ஐ ஒட்டி வருகிறது. முன்பெல்லாம் 20, 25 சதவீதம் போனால்தான் கவலைப்படுவோம். 2015-இல் ஷாஹா குழு 13.5 சதவீதத்திலேயே, மீண்டும் விலகாதவர்களிடமும்கூட, வாழ்க்கைத்தர மதிப்பெண் ஏற்க முடியாத அளவுக்குச் சரிவதைக் காட்டியது. நீங்கள் அந்தக் கோட்டுக்கு அருகில் நிற்கிறீர்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. பால்க், புவாலோ இருவரும் 2007-இல் வகுத்த பத்து மதிப்பெண் அட்டவணையில் 20 வயதுக்கு உட்பட்டிருந்தால் 2, போட்டி அளவில் ஆடினால் 2, மோதலோ தலைக்கு மேல் கைவீச்சோ உள்ள ஆட்டம் என்றால் 1, மூட்டுத் தளர்ச்சிக்கு 1, சாதாரண எக்ஸ்ரேயில் கையை வெளிப்புறம் திருப்பியும் பள்ளம் தெரிந்தால் 2, கிண்ண விளிம்பு மழுங்கியிருந்தால் 2. அவர்கள் ஆய்வில் 6 வரை பெற்றவர்களுக்கு மறுவிலகல் 10 சதவீதம். 6-ஐத் தாண்டியவர்களுக்கு 70 சதவீதம். எக்ஸ்ரேயில் பள்ளம் மட்டும் தெரிகிறது என்று கொண்டால் உங்களுக்கு 5 வரும்.

மூன்று வழிகள் இருக்கின்றன. தனித் தையல் செய்யலாம். தையலோடு, பின்பக்கத் தசைநாணை அந்தப் பள்ளத்துக்குள் இழுத்துத் தைத்து அதை நிரப்பும் ரெம்ப்லிசாஜையும் அதே துளைகளின் வழியே சேர்த்துச் செய்யலாம். அல்லது லட்டார்ஜே. உங்கள் இடத்தில் வேறொருவர் இருந்தால் இரண்டாவதைத் தயங்காமல் சொல்வேன். உங்கள் கை பந்தடிக்கும் கை என்பதால்தான் தயங்குகிறேன். பள்ளத்தில் கட்டிய தசைநாண் வெளிப்புறச் சுழற்சியைச் சில பாகைகள் குறைக்கக்கூடும், ஓங்கும் கைக்கு அந்தப் பாகைகள் தேவை.

பதிவு 11: எண்ணிப்பார்ப்பவர்

ரெம்ப்லிசாஜ் பற்றி நல்ல குலுக்கல் ஆய்வு ஒன்று இருக்கிறது. மெக்டொனால்ட் குழு 2021-இல் வெளியிட்டது, 108 பேர். தனித் தையலில் மறுவிலகல் 18 சதவீதம், ரெம்ப்லிசாஜ் சேர்த்தால் 4 சதவீதம். கவனிக்க வேண்டியது: அதுவும் இரண்டாண்டுக் கணக்குதான். வாழ்க்கைத்தர மதிப்பெண்ணில் இங்கும் பெரிய வேறுபாடு கிடைக்கவில்லை.

பதிவு 12: மூன்றாம்முறை

மருத்துவர் ஐயா, மூன்று அறுவைகளைக் கண்டவன் என்ற உரிமையில் கேட்கிறேன். கோட்டுக்கு அருகில் நிற்பவரை ஏன் நேராக லட்டார்ஜேக்கு அனுப்பக்கூடாது? என் முதல் இரண்டு அறுவைகளும் என் வாழ்க்கையில் நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொண்டன.

பதிவு 13: எலும்புமூட்டு

உங்கள் கேள்வியை நான் ஒதுக்க முடியாது. 2016-இல் சூரிச்சிலிருந்து வந்த ஒப்பீட்டில், குறைந்தது ஆறு ஆண்டுகள் கழித்து, நுண்துளைத் தையலில் 13 சதவீதமும் லட்டார்ஜேயில் 1 சதவீதமும் மறுவிலகல். மிஷெல் லட்டார்ஜே 1954-இல் விவரித்த அறுவை இன்றும் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது: எலும்பு கிண்ணத்தை அகலமாக்குகிறது, அதோடு வரும் தசைநாண், கை உயர்ந்திருக்கும்போது மூட்டின் முன்னால் தொட்டில்போல் தாங்குகிறது. இரண்டும் ஒரே அறுவையில் கிடைக்கின்றன.

ஆனால் அது தோளின் உடற்கூற்றையே மாற்றிவிடுகிறது. நரம்புப் பாதிப்பு, எலும்பு ஒட்டாமை, திருகாணி உறுத்தல், ஒட்டிய எலும்பு கரைந்துபோதல் ஆகியவை நுண்துளைத் தையலில் அநேகமாக இல்லாத சிக்கல்கள். லட்டார்ஜே தோற்றால் அடுத்து செய்யும் அறுவை மிகக் கடினம். தையல் தோற்றால் லட்டார்ஜே இருக்கிறது. 11 சதவீத இழப்புக்கு நான் அந்தக் கடைசிச் சீட்டை முதலில் இறக்கமாட்டேன். உடல் மோதும் ஆட்டக்காரராக இவர் இருந்திருந்தால் என் விடை மாறியிருக்கும். உங்களுக்கு 18 வயதில் ஒன்பது முறை விலகியிருந்தபோது சி.டி. எடுத்திருந்தால் உங்களுக்கான விடையும் மாறியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

பதிவு 14: கயிறும் கப்பியும்

எந்த அறுவை என்று முடிவு செய்வதற்குமுன் அந்த நண்பர் ஒரு வேலை செய்யட்டும். இரு கைகளின் வெளிப்புறச் சுழற்சியையும் இப்போதே அளந்து எழுதி வையுங்கள்: முழங்கை விலாவோடு ஒட்டிய நிலையில் ஒன்று, கை பக்கவாட்டில் 90 பாகை உயர்ந்த நிலையில் ஒன்று. இரண்டாவதை அச்சம் தோன்றும் இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். முன்னர் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் பின்னர் எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

பதிவு 15: வலப்பக்க அடிப்பாளர்

ஒன்பது மாதங்கள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

என் மருத்துவரிடம் அந்த எண்களோடு திரும்பிச் சென்றேன். இம்முறை அவர் நாற்பது நிமிடம் பேசினார். மூன்று வழிகளையும் வரைந்து காட்டினார். நான்கு ஆங்கர்களோடு தையலும், பின்னால் ரெம்ப்லிசாஜும் செய்துகொண்டேன். உள்ளே பார்த்தபோது லேப்ரம் கிண்ணத்தின் கழுத்துப் பக்கம் இறங்கி ஒட்டியிருந்ததாகவும், அதை விடுவிக்கத்தான் பாதி நேரம் ஆனதாகவும் சொன்னார். எலும்புமூட்டு டாக்டர் முதலிலேயே எழுதியது நினைவுக்கு வந்தது.

முழங்கை ஒட்டிய நிலையில் இடக்கை 75 பாகை திரும்புகிறது, வலக்கை 64. ஓங்கிய நிலையில் பத்துப் பாகைக்கு மேல் குறைவு. பந்தை முன்பைவிடச் சற்று முன்னால் வைத்து அடிக்கக் கற்றுக்கொள்கிறேன். நேர்க்கோட்டு அடி திரும்பிவிட்டது. மூலைவிட்ட அடியில் பழைய வேகம் இல்லை. இரவில் கையைத் தூளியில்லாமல் தலைக்கு மேல் போட்டு உறங்குகிறேன். இதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும் போலிருக்கிறது.

எண்ணிப்பார்ப்பவர் குறிப்பிட்ட வாழ்க்கைத்தரத் தாளை எனக்கும் கொடுத்தார்கள், 21 கேள்விகள். பெரும்பாலானவற்றில் கோட்டின் நல்ல முனையை ஒட்டியே குறியிட்டேன். தோளைப் பற்றிய அச்சத்தைக் கேட்கும் இடத்தில் மட்டும் பேனா நடுவில் நின்றுவிட்டது. வலையருகே தடுப்புக்கு எழும்பும்போது இடக்கை போன பிறகே வலக்கை மேலே போகிறது. காணொளியில் பார்த்தால் அரை நொடிகூட இருக்காது, ஆனால் எதிரணியின் அடிப்பாளர் அந்த இடைவெளியைக் கண்டுபிடித்துவிட்டார். கயிறும் கப்பியும் அக்கா சொன்ன மெத்தைப் பயிற்சியை அடுத்த வாரம் தொடங்குகிறேன். 24-ஆம் மாத அளவுகளையும் இதே இழையில் எழுதுகிறேன்.

பதிவு 16: பழைய கோல்கீப்பர்

அந்த அரை நொடி எனக்குத் தெரியும், தம்பி. எனக்கு யாரும் மெத்தை போடவில்லை. நீங்கள் போய்த் தொடங்குங்கள். எப்படிப் போகிறது என்று இங்கே வந்து எழுதுங்கள்.